கனகபாய் சிஸ்டரும் என் மைக்செட்டும்

கனகபாய் சிஸ்டர் மறைந்த செய்தி வந்து சேர்ந்தபோது நான் தரையில் இல்லை. தனுவச்சபுரத்தில் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவுக்காகத் தென்னைமரத்தில் ஏணியைச் சாத்தி, பாதி உயரத்தில் நின்று கோளாம்பி ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே ஆம்ப்ளிஃபையர் பக்திப் பாட்டு பாடிக்கொண்டிருந்தது. சட்டைப்பையில் போன் துடித்தது. என் அக்காள் மகள் அம்பிளி.

"மாமா, சிஸ்டரம்மை போயாச்சு."

"எங்க போயாச்சு? எந்த ஊருல விருந்து?"

"மாமா…" என்றவள் அழுதாள். "மத்தியானம் உண்டுட்டுப் படுத்தவிய எழும்பல்ல மாமா."

நான் இறங்கி வந்து ஆம்ப்ளிஃபையரை அணைத்தேன். இத்தனை வருடத் தொழிலில் ஒரு விழாப் பந்தலில் யாரும் சொல்லாமல் நானாகவே சத்தத்தை நிறுத்தியது அன்றைக்குத்தான். வாசகசாலைச் செயலாளர் ஓடி வந்தார்.

"மணியண்ணே, கரண்டு போச்சா?"

"கரண்டு உண்டு. கனகபாய் சிஸ்டர் போயாச்சு."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அவருடைய மனைவியும் ஏழாம் மாதத்தில் சிஸ்டரிடம் பாடம் கேட்டவர்தான்.

சிஸ்டரின் சபை வெளியிடும் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி போதகர் ஐயா என்னிடம் கேட்டார். நான் சபையைச் சேர்ந்தவன் அல்ல. பள்ளிக்கூடத்தையும் ஏழாம் வகுப்போடு விட்டவன், அதுவும் மலையாளத்தில். தமிழ் எனக்கு நோட்டீஸ் வாசித்து வாசித்து வந்தது. ஆனாலும் சிஸ்டரைப் பற்றி எழுத இந்தப் பகுதியில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்பதைப் போதகர் ஐயாவே ஒப்புக்கொண்டார். அவர் வாய்திறந்து ஒப்புக்கொள்ளவில்லை, முகத்தில் தெரிந்தது. ஒரு பக்கம் என்றார். ஒரு பக்கத்துக்குள் சிஸ்டரின் குடைகூட அடங்காது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கனகபாய் சிஸ்டர் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் உயரம் குறைவு, குடை நீளம் அதிகம். தூரத்தில் பார்த்தால் ஒரு குடை ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதுபோல் இருக்கும். சர்க்கரை வியாதி உண்டு. கைப்பையில் வெல்லப்பாகில் செய்த முந்திரிக்கொத்தும் உண்டு. கேட்டால், "அது பிள்ளையளுக்காக்கும்" என்பார். எந்தப் பிள்ளையும் அதைத் தின்று நான் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரே ஒரு வேலைதான். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று ஆஸ்பத்திரியில் சோதிக்க வேண்டும் என்பதைக் குழந்தை பிறப்பதற்கு முன்பே தாய்க்குச் சொல்லிக்கொடுப்பது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, கர்ப்பிணிப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகிற ஏழாம் மாத விருந்து. அதியன்னூரிலிருந்து தமிழ்நாட்டு எல்லை வரைக்கும் எந்த வீட்டில் ஏழாம் மாதம் நடந்தாலும் சிஸ்டர் அங்கே இருப்பார். அழைப்பு வேண்டாம். இந்து, கிறிஸ்தவர் என்ற வேறுபாடு கிடையாது. வாசலில் யாராவது "நீங்க யாரு?" என்று கேட்டால், "பெண்ணுக்கு வேண்டியவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். பெண்வீட்டார் மாப்பிள்ளைவீட்டு ஆள் என்று நினைப்பார்கள். மாப்பிள்ளைவீட்டார் பெண்வீட்டு ஆள் என்று நினைப்பார்கள். இரண்டு வீட்டாரும் போட்டி போட்டுப் பாயசம் ஊற்றுவார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் கர்ப்பிணியையும் அவளுடைய மாமியாரையும் பக்கத்தில் இருத்தி, மூன்றே வரிப் பாடம். "ஒரு மாசத்துக்குள்ள சோதனை. கொறவு உண்டுன்னா மூணு மாசத்துக்குள்ள உறுதி. ஆறு மாசத்துக்குள்ள உதவி." இதை மாமியார் வாய்விட்டு ஒப்பிக்கும்வரை சிஸ்டர் தன் இலையை மடக்க மாட்டார். அவர் இலையை மடக்காமல் அடுத்த பந்தியை இருத்த முடியாது. பசித்த பந்தி பின்னால் நின்று, "ஏ அம்மா, அதைச் சொல்லிக் குடும்மா!" என்று மாமியாரை விரட்டும். இப்படித்தான் பாறசாலைச் சுற்றுவட்டாரத்தில் மாமியார்கள் படித்தார்கள்.

எனக்கும் அவருக்கும் அறிமுகம் ஏற்பட்டதும் அப்படி ஒரு விருந்தில்தான். மைக்செட் என்னுடையது. இந்த இடத்தில் என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வரலாறு முழுமையாகாது. பாறசாலை முதல் நெய்யாற்றங்கரை வரை என் தொண்டையை அறியாதவர் இல்லை. ஒருமுறை மைக் இல்லாமல் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குப் பல மைல் தள்ளி ஒற்றசேகரமங்கலத்தில் ஒருவர் "என்னா?" என்று கேட்டிருக்கிறார். சாட்சிகள் உண்டு. ஒருவர் இறந்துவிட்டார், மற்றவருக்கு ஞாபகம் இல்லை. அப்படிப்பட்ட நான் பாட்டுப் போட்டால் எப்படிப் போடுவேன்? விருந்துவீட்டுக் கூரை ஓடு தாளம் போட்டது.

திடீரென்று பாட்டு நின்றது. திரும்பினால் கையில் பிளக்கோடு ஒரு குடை நிற்கிறது.

"ஓய், இது விருந்து வீடா, கல் உடைக்கிற இடமா?"

"நீங்க யாரு?"

"பெண்ணுக்கு வேண்டியவ. வயித்துக்குள்ள கெடக்க பிள்ளைக்கு இப்பம் காது கேக்கும், தெரியுமா ஓய்? அது பேடிச்சு, பயந்து உள்ளயே இருந்துக்கிட்டா நீரா எறக்குவீரு?"

பாட்டை நிறுத்திப் பிளக்கைத் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டு, மைக்கையும் வாங்கினார். அவருக்குச் சின்னக் குரல், கொஞ்சம் கரகரப்பு. வார்டில் கத்திக் கத்தித் தேய்ந்துபோனது. மைக்கில் வந்த தன் குரலைக் கேட்டதும் சிஸ்டரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முந்திரிக்கொத்தைக் கண்டதுபோல் ஆனது. மூன்று வரிப் பாடத்தை அன்று நின்று, நிதானித்து, இழுத்து, ஒரு ஜெபப் பாட்டையும் கடைசியில் சேர்த்துப் பாடி முடித்தார். பாட்டு அவருக்கு வராது. அதைச் சொல்ல அவருடைய சபையிலேயே யாருக்கும் தைரியம் வந்ததில்லை. நான் சொன்னேன். அதனால்தான் எங்களுக்குள் நட்பு உண்டானது.

அதன்பிறகு கர்ப்பிணிகளுக்கு அவர் வகுப்பெடுக்கும் இடமெல்லாம் என் ஒலிபெருக்கிப் பெட்டியும் போனது. பெட்டி வேண்டும், ஆனால் சத்தம் கூடாது. "கொறையும் ஓய், கொறையும்." இதுதான் அவர் எனக்குச் சொன்ன மந்திரம். சத்தம் கூட்டுகிற திருகை நான் தொட்டாலே கொறையும் என்பார். நான் தும்மினாலும் கொறையும் என்பார்.

ஒரு வகுப்பில் ஒரு கர்ப்பிணி எழுந்து கேட்டாள். "சிஸ்டரே, எங்க வீட்டுல கொழந்தை பிறந்தா பித்தளைத் தட்டத்தைக் கீழ போட்டுப் பாக்கது வழக்கம். பிள்ளை துள்ளிச்சுன்னா காது கேக்கும்னு அர்த்தம். பின்ன எதுக்காக்கும் மெஷினு?"

சிஸ்டர் என்னை மேடைக்கு அழைத்தார். என் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, அதற்குமேல் தன் சால்வையால் தலையைக் கட்டி, என்னைத் திருப்பி நிறுத்தி, பெரிய பெட்டியின்மேல் கைவைக்கச் சொன்னார். அதில் செண்டைமேளம் ஒலிக்கிறபோதெல்லாம் நான் தலையாட்ட வேண்டும். நான் ஒரு அடிகூடத் தவறாமல் தலையாட்டினேன். பின்னால் கர்ப்பிணிகள் சிரித்த சிரிப்பில் நாலைந்து பிரசவம் அங்கேயே நடந்திருக்கும்.

கட்டை அவிழ்த்துவிட்டு சிஸ்டர் கேட்டார். "மேளம் கேட்டீரா?"

"கேக்கல்ல சிஸ்டரே."

"பின்ன எப்பிடி ஆட்டினீரு?"

"கையில துடிச்சுது."

"கேட்டியளா மக்கா? இந்தத் தலைக்கே கையில துடிச்சா தெரியுது. பச்சைப்பிள்ளைக்குத் தெரியாதா? தட்டம் விழுந்தா தரை அதிரும், தொட்டில் அதிரும், காத்து அடிக்கும், வெளிச்சம் மாறும். பிள்ளை துள்ளும். அதுக்கும் காதுக்கும் சம்பந்தம் கெடையாது. மெஷின்ல அப்பிடி இல்ல. பிள்ளை ஒறங்கும்ப காதுல ஒரு சின்ன குமிழு வைப்பாவ. அது பைய, மெதுவா ஒரு சத்தம் விடும். நல்ல காதுன்னா அந்தச் சத்தத்துக்குப் பதிலு திருப்பி அனுப்பும். நோவாது, குத்தாது. கொஞ்ச நேரத்துல தீந்துரும்."

இந்த இடத்தில்தான் நான் முன்னால் வந்து, காது என்பது ஒரு மைக், நரம்பு என்பது வயர், மூளை என்பது ஆம்ப்ளிஃபையர் என்று விளக்கினேன். இதைப் பின்னாளில் டாக்டர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். முதலில் சொன்னது யார் என்பதை இந்த மலர் வழியாகப் பதிவு செய்கிறேன்.

இனிதான் முக்கியமான கட்டம்.

என் அக்காள் சரோஜினியின் ஒரே மகள் அம்பிளிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்பிளியின் கணவர் வளைகுடாவில். எனவே இருபத்தெட்டாம் நாள் குழந்தைக்கு அரைஞாண் கட்டி, ஒரு காதை வெற்றிலையால் பொத்தி, மறு காதில் பெயர் சொல்லி அழைக்கிற உரிமை எனக்கு வந்தது. ஊரில் இப்படி ஒரு தொண்டைக்கு இப்படி ஒரு வேலை கிடைத்ததில்லை. நான் எல்லையின் இரண்டு பக்கமும் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒரு காரியத்தை அக்காள் யாரிடமும் சொல்லவில்லை. பிறந்த உடனே ஆஸ்பத்திரியில் குழந்தைக்குச் சோதனை செய்திருக்கிறார்கள். இரண்டு காதும் சரியாகப் பதில் தரவில்லை. சில நாள் கழித்துத் திரும்பக் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்பிளி போக வேண்டும் என்றாள். அக்காள் விடவில்லை. "இருபத்தெட்டு கழியாம பிள்ளையை வெளிய எறக்கப்பிடாது" என்றாள். வீட்டில் இருந்த வெண்கல உருளியைத் தரையில் போட்டாள். குழந்தை துள்ளியது. "மெஷினுக்குத்தான் கேடு" என்று தீர்ப்பு எழுதிவிட்டாள். உள்ளே வேறு ஒரு பயம் இருந்தது. பெண் குழந்தை. செவிடு என்று ஊர் ஒரு பெயர் வைத்துவிட்டால், நாம் வைக்கிற பெயர் நிற்குமா?

அம்பிளி சிஸ்டருக்குப் போன் செய்தாள். இருபத்தெட்டாம் நாள் காலையில், பந்தி தொடங்குவதற்கு முன்பே, வாசலில் குடை தெரிந்தது. அக்காளுக்கு முகம் மாறியது.

"வாங்க சிஸ்டரே, உண்ண வந்தியளா?"

"உண்ணவும் வந்தேன். மாசம் தீரப் போவுது சரோஜினி. சோதனைக்குப் போகல்லியே?"

"எக்க பேத்திக்கு ஒரு கொறவும் இல்ல. உருளி போட்டுப் பாத்தாச்சு. தூக்கிப் போட்டுது."

"உருளி போட்டா நானும்தான் துள்ளுவேன்."

"நல்ல நாளும் அதுவுமா எக்க வீட்டுல வந்து பிள்ளைக்குச் செவிடுன்னு சொல்லப்பிடாது, சொல்லிட்டேன்!"

"நான் சொல்லல்ல. இல்லன்னும் நான் சொல்லல்ல. சொல்ல வேண்டியது மெஷினு."

இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். சிஸ்டர் சட்டென்று சமாதானமானதுபோல் குடையை மடக்கினார். "செரி, பேரு விளிக்கட்டு. நான் ஒண்ணும் பேசல்ல." பிறகு அம்பிளியிடம், "மக்கா, பிள்ளை ஒறங்குதா? நல்லதாப் போச்சு. மடியில வேண்டாம், தலைவாணியில கெடத்து. பைய" என்றார். என் பக்கம் திரும்பினார். "ஓய் மணியன். கிட்டப் போகாதேயும். தொடாதேயும், ஊதாதேயும். நீரு இருக்க எடத்துல இருந்தே விளியும்."

"அப்பிடின்னா சத்தமா விளிக்கணும் சிஸ்டரே."

அப்போது சிஸ்டர், என்னை அறிந்த நாள் முதல் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"உமக்கு இஷ்டம்போல விளியும்."

நான் மூச்சை இழுத்தேன். "ஆதிரா!" என்றேன்.

அதன் விளைவுகளைச் சுருக்கமாகத் தருகிறேன். வெற்றிலையோடு நின்ற ஒருத்தி வெற்றிலையை விட்டுவிட்டாள். சமையல்காரர் சாம்பாருக்குள் கரண்டியைப் போட்டார். அண்டைவீட்டு ஆடு கயிற்றை அறுத்தது. தெருமுக்கில் ஒரு பஸ் பிரேக் போட்டு நின்றது. யாரோ நிறுத்தச் சொன்னதாக ஓட்டுநர் நினைத்தாராம். பக்கத்து அறையில் உறங்கிக்கொண்டிருந்த இன்னொரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது.

ஆதிரா உறங்கிக்கொண்டிருந்தாள். இமை அசையவில்லை. வாயோரத்தில் ஒரு சிரிப்புகூட இருந்தது.

நான் மறுபடியும் விளித்தேன். மூன்று முறை விளிப்பது வழக்கம். மூன்றும் விளித்து முடித்தேன். பக்கத்து அறைக் குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது. அக்காள் ஒருமுறை அந்த அறைப் பக்கம் பார்த்தாள், ஒருமுறை தலையணையைப் பார்த்தாள்.

சிஸ்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சரோஜினி, இதும் சோதனை இல்ல கேட்டியா. அசந்து ஒறங்குத பிள்ளை சில நேரம் எழும்பாது. உருளி எப்பிடியோ அப்பிடித்தான் இவருக்கத் தொண்டையும். ரெண்டையும் நம்பாத. மெஷின்ல கொண்டு காட்டு."

அக்காள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எலே மணியா," என்றாள், "வண்டி எடு."

என்னிடம் இருந்த வண்டி, கூரையில் கோளாம்பி கட்டிய என் பிரச்சார ஜீப். கோயில் திருவிழா அறிவிப்புக்குப் போய்விட்டு அப்படியே பந்தலுக்கு வந்திருந்தேன். அம்பிளியும் குழந்தையும் முன்னால். அக்காளும் சிஸ்டரும் பின்னால், அவர்களுக்கு நடுவில் ஆம்ப்ளிஃபையரும் மைக்கும். பாறசாலையிலிருந்து உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக நெய்யாற்றங்கரைக்குப் புறப்பட்டோம்.

மைக்கை நான் அணைக்க மறந்துவிட்டதாக இன்றும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். தொழில் தெரிந்தவன் மைக்கை மறக்க மாட்டான். எல்லாம் ஒரு திட்டம்தான். திட்டம் எப்போது உண்டானது என்பது வேறு விஷயம்.

அக்காள் வண்டியில் ஏறியதும் தொடங்கினாள். "மெஷினுல கொறவு உண்டுன்னு வந்தா நான் ஊருல எப்பிடி முகம் காட்டுவேன் சிஸ்டரே? அம்பிளிக்க மாமியாருக்க வாயி தெரியுமா உங்களுக்கு? காதுல இருந்து கால்வரைக்கும் கொறவு சொல்லுவா!" இன்ஜின் இரைச்சலில் வண்டிக்குள் தெரியவில்லை, ஆனால் இது உதியன்குளங்கரைக் கடைத்தெரு முழுவதும் தெளிவாகக் கேட்டது. சொல்லப்பட்ட மாமியார், நேரம் பிந்தி விருந்துக்கு வருகிற வழியில், பழம் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார் என்பது பிறகு தெரியவந்தது.

சிஸ்டர் குடையை மடியில் சாய்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"எனக்கு ஒரு தம்பி உண்டு சரோஜினி. செல்வன். கூப்பிட்டா வரமாட்டான். சொன்னா கேக்கமாட்டான். தட்டம் போட்டா துள்ளுவான். அடங்காத பயன்னு எங்க அப்பா அடிப்பாரு. புளியங்கம்பு வச்சு அடிப்பாரு. பள்ளிக்கூடத்துல கொண்டு சேத்தப்பம்தான் வாத்தியார் சொன்னாரு, பயலுக்குக் காது கேக்கல்லன்னு. எங்க அப்பா அந்தக் கம்பைத் தன் தலையில அடிச்சு ஒடிச்சாரு. என்ன பிரயோசனம்? அடிக்கும்ப அவன் எங்க அப்பாவுக்க வாயைத்தான் பாத்துட்டு நிப்பான். எதுக்கு அடிக்காருன்னு வாயில எழுதியிருக்குன்னு நெனச்சிருப்பான்."

அமரவிளையில் தேநீர்க்கடையில் நின்றவர்கள் கையில் கிளாஸோடு எங்களையே பார்த்தார்கள். எதிரே வந்த லாரிக்காரர் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிக் கொடுத்தார். அந்தச் சாலையில் அது நடந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அப்போதுதான் சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு விளக்கைக் கண்டார்.

"ஓய் மணியன். இது எரியுதே. ஆன்ல இருக்கா?"

நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். "உண்டு சிஸ்டரே."

"பாறசாலையில இருந்தா?"

"உண்டு சிஸ்டரே."

அக்காள், "அய்யோ எக்க பகவதி!" என்றாள். அதுவும் ஊருக்குக் கேட்டது. நான் ஜீப்பை ஓரம் கட்டி, திருகை அணைக்கக் கை நீட்டினேன். சிஸ்டர் என் கையைத் தட்டிவிட்டார்.

"கூட்டும் ஓய்."

"என்ன?"

"சத்தம் கூட்டும்!"

மைக்கை வாயருகே எடுத்தார். நெய்யாற்றங்கரை வரைக்கும் அன்று சிஸ்டர் எடுத்ததுதான் அவருடைய வாழ்நாளிலேயே பெரிய வகுப்பு. வயிற்றில் பிள்ளை உள்ளவர்களே, வீட்டில் உருளி உள்ளவர்களே என்று தொடங்கினார். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் மூன்றையும் சொன்னார். தமிழில் சொன்னார், மலையாளத்தில் சொன்னார், கடைசியில் பாடவும் செய்தார். "நாங்க இப்பம் எங்க பிள்ளையைக் கொண்டுதான் போறோம்; சரோஜினிக்க பேத்தியாக்கும்; ஒளிச்சுப் போகல்ல, மைக் வச்சுப் போறோம்" என்றார். அக்காள் முதலில் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு மூடுவதற்கு இனி என்ன இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது காவலாளி, "அந்தப் பிள்ளைதானே? உள்ள போங்க" என்றார்.

குழந்தைக்கு இரண்டு காதிலும் குறைவு இருந்தது. தூங்க வைத்துத் தலையில் வயர் ஒட்டிச் செய்கிற பெரிய சோதனையும் அதையே சொன்னது. அன்று அக்காள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து அழுதாள். சிஸ்டர் பக்கத்தில் இருந்து, பையைத் திறந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார். "நேரத்தே வந்தோம் சரோஜினி," என்றார். "நீ இப்பம் அழுதுக்கோ. பெறவு பிள்ளைக்குச் செய்ய வேண்டிய சோலி இருக்கு."

ஆதிராவின் இரண்டு காதுக்குப் பின்னாலும் சின்னதாக ஒரு கருவி வந்தது, சிஸ்டர் சொன்ன ஆறு மாதத்துக்குள். அது மாட்டிய மறுநாள் சிஸ்டர் வெற்றிலையோடு வந்தார்.

"ஓய், பேரு விளியும். அன்னைக்கு விளிச்சது ஆட்டுக்கும் பஸ்சுக்கும். இன்னைக்குப் பிள்ளைக்கு விளியும். பைய."

அம்பிளியின் தோளில் குழந்தை எதிர்ப்பக்கம் பார்த்துக் கிடந்தது. நான் பின்னால் நின்றேன். என் தொண்டையில் அத்தனை சின்னச் சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. "ஆதிரா" என்றேன்.

கழுத்து திரும்பியது. கண் என்னைத் தேடியது. கண்டதும் அழத் தொடங்கியது. என் மீசை அப்படி.

அக்காள் சிஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சிஸ்டர் என்னைப் பார்த்து, "இவ்வளவு மெதுவாப் பேச உமக்குத் தெரியும்னா, இத்தனை நாளு என்னத்துக்கு ஓய் ஊரைக் கொன்னீரு?" என்றார். அவர் கண்ணும் நனைந்துதான் இருந்தது. இல்லை என்று பிறகு மறுத்துவிட்டார்.

கொஞ்சம் வளர்ந்தபின் ஆதிராவுக்குக் காதில் ஆபரேஷனும் நடந்தது, பேச்சுப் பயிற்சியும் நடந்தது. அவள் முதலில் பேசிய வார்த்தை எது என்பதில் வீட்டில் இன்றுவரை வழக்கு உண்டு. "அம்மம்மா" என்கிறாள் அக்காள். "அலோ அலோ" என்று மைக் சோதித்தாள் என்பது என் கட்சி. வழக்கு சிஸ்டரிடம் போனது. அவர் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் விசாரித்துவிட்டு, "ரெண்டும் இல்ல. 'போ'ன்னு சொல்லிச்சு. இந்த வீட்டுல அதுதான் சொல்லணும்" என்று தீர்ப்பளித்தார்.

தன் அடக்கத்தைப் பற்றியும் சிஸ்டர் முன்பே உத்தரவு போட்டிருந்தார். "நான் செத்தா உம்மக்க கோளாம்பியைக் கெட்டிப் பாட்டுப் போட்டேருன்னா, பெட்டிக்குள்ள இருந்து எழும்பி வந்து பிளக்கைப் பிடுங்குவேன். சின்ன ஸ்பீக்கர் பெட்டி ஒண்ணு வையும். போதகர் பேசுதது மாத்திரம் கேட்டாப் போதும்." சின்னப் பெட்டிதான் வைத்தேன். திருகைப் பாதிக்கும் கீழே நிறுத்தினேன். கை பழக்கதோஷத்தில் இரண்டு தடவை திருகுப் பக்கம் போனது. இரண்டு தடவையும் சவப்பெட்டிப் பக்கம் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் இத்தனை கைக்குழந்தைகளை ஒன்றாக யாரும் பார்த்திருக்க முடியாது. இடுப்பில், தோளில், மரத்தடியில், மதிலோரத்தில் எங்கும் குழந்தைகள். கூட்டத்தின் முன்வரிசையில் ஒரு வயதானவர் நின்றிருந்தார். செல்வன். போதகரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காளும் அம்பிளியும் இடம் கிடைக்காமல் இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில், பலாமரத்தடியில் நின்றார்கள். என் பெட்டியின் சத்தம் அவ்வளவு தூரம் போகாது என்று எனக்குத் தெரியும். தொழில் கணக்கு அது. அந்தக் கணக்கு எனக்குத் தப்பியதில்லை.

போதகர் ஐயா ஜெபத்தை முடித்தார். முன்னால் நின்றவர்கள் ஆமென் சொன்னார்கள். சொல்லி ஓய்ந்து, எல்லோரும் ஒருமுறை மூச்சுவிட்ட இடைவெளியில், தூரத்தில் பலாமரத்தடியிலிருந்து தனியாக ஒரு குரல் வந்தது.

"ஆமென்!"

நல்ல சத்தம். என் பரம்பரைத் தொண்டை. கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பகவதியைத் தவிர வேறு பெயர் வாயில் வராத என் அக்காள் பேத்தியைத் தடுக்கவில்லை. செல்வன் மட்டும் திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற பெண் அவர் தோளைத் தொட்டு, பலாமரத்தைக் காட்டி, தன் காதைக் காட்டிச் சிரித்தாள். அவர் எட்டிப் பார்த்தார். கண்டதும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். ஆதிராவும் ஆட்டினாள்.

சிஸ்டரே, பாதிக்கும் கீழேதான் வைத்திருந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளைக்கும் கேட்டது. இனி அணைத்துவிடுகிறேன். நீங்கள் பைய உறங்குங்கள்.